திருச்சி – சிங்கப்பூர்: ஏழு மணி நேரம்

எங்கள் ஊரில் அச்சாகும் டைரிகளின் முதல் பதினாறு பக்கங்களை யாரும் படிப்பதில்லை. பேர், விலாசம், ரத்த வகை எழுதும் கட்டத்தைத் தாண்டி நேராக ஜனவரிக்குப் போய்விடுவார்கள். அந்தப் பதினாறு பக்கத்தைச் செய்கிறவள் நான். அரசு விடுமுறை, ராகு காலம், அளவைகள், இன்று ஒருத்தருக்கும் பயன்படாத எஸ்.டி.டி. எண்கள், ஊருக்கு ஊர் சாலைத் தூரம், அதற்கடுத்த பக்கத்தில் விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும். சிவகாசியில் ஒரே அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பக்கம் அமைத்து, புரூஃப் பார்த்து, கடைசியில் ‘அடிக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாளும் மிஷினில் ஏறாது. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு.

நான் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் சென்னையிலிருந்து டெல்லிக்கு எத்தனை மணி நேரம், மும்பைக்கு எத்தனை, கொல்கத்தாவுக்கு எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அட்டவணையில் இந்திய ஊர்கள் மட்டும்தான் இருந்தன. ‘திருச்சி – சிங்கப்பூர்’ என்ற வரியைச் சேர்த்தது நான்தான். காரணம், என் தம்பி.

எங்கள் சொந்த ஊர் தாயில்பட்டிக்குப் பக்கத்தில். அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை பார்த்தவர். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். இறங்கும்போது அப்பாவின் முகம், முழங்கை, காது மடல் எல்லாம் மருந்துத் தூள் படிந்து வெள்ளி பூசினாற்போல இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அப்பா வேனிலிருந்து இறங்கிக் குளித்து முடிக்கிற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது, விளக்கு ஏற்றக் கூடாது, தீப்பெட்டி வெளியே தெரியக் கூடாது. வேன் சத்தம் கேட்டதும் அம்மா எரிகிற அடுப்பைக்கூட அணைத்துவிடுவாள். “அப்பா பக்கத்துல நெருப்பக் கொண்டு போகாதீக” என்பதுதான் நானும் தம்பியும் சின்ன வயதில் அதிகம் கேட்ட வாக்கியம். பள்ளிக்கூடத்தில் பாடம் மறந்தாலும் அது மறக்காது.

தம்பி என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். அவன் அந்த வேனில் ஏறக் கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். ஐ.டி.ஐ. படிக்க வைத்து, அங்கே இங்கே கேட்டு, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்கு அனுப்பினோம். அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் டிக்கெட்டை நான்தான் வாங்கிப் பார்த்தேன். திருச்சியில் காலை 10.15-க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் மாலை 5.00-க்கு வந்து சேரும். கழித்துப் பார்த்தால் ஆறே முக்கால். இறங்குவதற்குக் கொஞ்சம் சேர்த்து ஏழு. தூரத்தை டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரிடம் கேட்டேன். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்றார்.

அந்த வருஷம் டைரி வேலை ஆரம்பித்தபோது அட்டவணையின் கடைசியில் ஒரு வரி கூடுதலாக வந்தது. முதலாளி பார்த்துவிட்டு, “இதெதுக்கும்மா?” என்று கேட்டார். நம்ம பக்கத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்களே என்றேன். உண்மையில் அது எங்கள் வீட்டுக்காக அச்சடித்த வரி. பதினாறு பக்கத்தில் எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான்.

ஒவ்வொரு மார்கழியிலும் முதல் டைரியை அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்பா தினம் ஒரு வரி எழுதுவார். ‘மழை’, ‘கரண்டு இல்லை’, ‘தம்பி போன்’. தம்பி லீவு முடிந்து கிளம்புகிற நாளில் விமானப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். புறப்பட்டு ஏழு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிடுவார். தம்பியும் சரியாக அந்த நேரத்துக்குப் போன் செய்வான். “பய எறங்கிட்டான். நம்ம புள்ள போட்ட கணக்கு தப்புமா?” என்று அப்பா என்னைப் பற்றி அம்மாவிடம் சொல்வார். அம்மாவும் சிரித்துக்கொண்டு தட்டை வைப்பாள்.

போன பங்குனியில் அப்பா இறந்தார். நெஞ்சில் சளி கட்டி மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தவர், விடிவதற்கு முன்பே மூச்சை விட்டார். நான் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் என் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. வாசலில் நின்றே தம்பிக்குப் போன் போட்டேன். அழுதான். லீவு கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான்.

அன்றைக்கு ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் பிணம் கிடக்கக் கூடாது. கிடக்கிற வரைக்கும் காப்புக் கட்ட முடியாது. மற்ற நாளாக இருந்தால் ஐஸ் பெட்டி எடுத்து வைத்து ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்கலாம். வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். எங்களுக்கு அன்று அந்த வழி இல்லை. சித்தப்பா போய்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டு வந்தார்.

“சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பொறுத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாக. அதுக்கு மேல நாம கேக்கப்பிடாது. பய எம்புட்டு நேரத்துல வருவான்?”

அம்மா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்திருந்தாள். “எம்புள்ள வராம எடுக்க விடமாட்டேன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் சொல்லுக்கும் அவள் அசையவில்லை.

நான் மறுபடியும் தம்பிக்குப் போன் செய்தேன். பின்னால் பேருந்து இரைச்சல் கேட்டது.

“லீவு குடுத்துட்டாகளா?”

“குடுத்துட்டாக. பத்தரைக்கு ஒரு பிளைட் இருக்குக்கா. நம்ம ஊரு நேரம் எட்டு மணி.”

அதற்குள் சித்தப்பா அப்பாவின் டைரியை எடுத்து விமானப் பக்கத்தை விரித்துவிட்டார். அவர் விரல் என் வரியின் மேல் இருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவே வேண்டாம், எனக்கு மனப்பாடம்.

“எட்டும் ஏழும் பதினஞ்சு. மூணு மணிக்கு எறங்குவே. வெளிய வர நாலு ஆயிரும். அங்கனருந்து காரு நாலு மணி நேரம். ராத்திரி எட்டு. ஏலே, ஆறு மணிக்குள்ள எடுக்கணுங்காக. உன்னால வர முடியாதுல்ல?”

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

“ஆமாக்கா” என்றான். “ஏழு மணி நேரம் ஆயிரும். நீங்க எடுத்துருங்க.”

நான் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். டைரியை விரித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எண் நன்றாகத் தெரியும். “ஏழு மணி நேரம்மா. அவன் வந்து சேர ராத்திரி எட்டாயிரும். அப்பாவ இப்படிப் போட்டு வைக்க முடியாதும்மா” என்றேன். அம்மா ஏழு என்ற அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். நாலரைக்கு எடுத்தோம். ஆறு மணிக்குக் கோவிலில் கொட்டு கேட்டது.

அதற்குப் பிறகு தம்பி தினமும் போன் செய்தான். அம்மாவிடம் பேசுவதைவிட என்னிடம்தான் அதிகம் பேசினான். “என்னால வர முடியலையேக்கா” என்பான். நான்தான் அவனைத் தேற்றுவேன். உன்மேல் என்ன தப்பு, தூரம் அப்படி, கடல் தாண்டிப் போனால் இதெல்லாம் உண்டு என்று எனக்குத் தெரிந்த ஆறுதலையெல்லாம் சொல்வேன். இப்போது நினைத்தால் என் வாயை நானே பொத்த வேண்டும்போல் இருக்கிறது.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகிவிட்டால் எங்கள் தெருவில் சீசன் சூடு பிடித்துவிடும். ஆவணியில் மதுரையிலிருந்து ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் டைரி ஆர்டர் வந்தது. வழக்கம்போல் முதல் பதினாறு பக்கத்தின் புரூஃபை அனுப்பினேன். வழக்கத்துக்கு மாறாக அவர்கள் அதைப் படித்திருந்தார்கள். திருச்சி – சிங்கப்பூர் வரியில் ஏழு என்பதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் நாலு என்று எழுதி வந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். நம் தகவலில் கைவைக்க இவர்கள் யார் என்று தோன்றியது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம். தகவல் பக்கத்தில் சந்தேகம் வந்தால் மற்ற அச்சகங்களின் டைரியை எடுத்து ஒத்துப் பார்ப்போம். பத்துக் கம்பெனி டைரியிலும் ஒரே எண் இருந்தால் அது சரி. பைண்டிங் கூடத்தில் கிடந்த சாம்பிள்களை அள்ளிக்கொண்டு வந்தேன். எல்லாவற்றிலும் ஏழு. செல்லில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும், அப்பா செத்த அன்றைக்கே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒன்றை நான் ஏன் செல்லிடம் கேட்கப் போகிறேன்?

டிராவல்ஸுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். ஊரில் உள்ள எல்லா டைரியிலும் ஏழுதான் இருக்கிறது என்று அடித்துப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“மேடம், உங்க டேபிள்லயே மேல பாருங்க. சென்னை டெல்லி ஆயிரத்து எழுநூத்துச் சொச்சம் கிலோமீட்டர், ரெண்டே முக்கால் மணி நேரம். அப்ப மூவாயிரத்துக்கு எப்படி ஏழு வரும்? டிக்கெட்டப் பாத்துக் கழிச்சிருப்பீங்க. சிங்கப்பூர் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. பறக்குறது நாலு, நாலே காலுதான்.”

‘நம்ம ஊரு நேரம் எட்டு மணி.’ அந்தக் குரல் என் காதுக்குள் அப்படியே கேட்டது. அவன் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கிறான். எழுத்துப் பிழை, எண் பிழை, கால் புள்ளி பிழை எல்லாம் கண்டுபிடிக்கிற நான், காதில் விழுந்ததை விட்டுவிட்டேன்.

அந்த புரூஃப் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிப் பார்த்தேன். எட்டு மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டேகாலுக்குத் திருச்சி. வெளியே வர ஒரு மணி. காரில் ஐந்து மணிக்கு வீடு. ஊர் கொடுத்த கெடு ஆறு. ஒரு மணி நேரம் மிச்சம்.

மற்ற டைரிகளில் எப்படி ஏழு வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த வரியை முதலில் போட்டது நான். மற்றவர்கள் என்னுடையதைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். என் தப்பைப் பத்து இடத்தில் திரும்பப் பார்த்துவிட்டு, அதையே சாட்சி என்று தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போயிருக்கிறேன்.

என் தப்பு இருக்கட்டும். நான் விமானம் ஏறாதவள். அவன் ஆறு தடவை போய்வந்தவன். ஏறி உட்கார்ந்து, சாப்பிட்டு, இறங்கியவன். நாலு மணி நேரம்தான் என்று அவன் உடம்புக்கே தெரியும். அப்பா ஒவ்வொரு தடவையும் ஏழு மணி நேரம் பசியோடு காத்திருந்ததும் அவனுக்குத் தெரியும். இறங்கி, ரூமுக்குப் போய், குளித்து, சாவகாசமாகப் போன் செய்வான்போல. ‘ஏழு இல்லப்பா, நாலுதான்’ என்று ஒரு தடவை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கடைசி நாளில், என் வாயிலிருந்து வந்த பொய்யை எடுத்து எனக்கே திருப்பிக் கொடுத்தான். அதை நான் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. கூடப் பிறந்தவன் இப்படிச் செய்வானா என்று கழிவறைக்குள் நின்று அழுதேன்.

ஏழு என்பதை நாலாக்கி, ‘அடிக்கலாம்’ என்று கையெழுத்துப் போட்டேன். டிராவல்ஸ் டைரியில் மட்டும் இல்லை, எங்கள் கம்பெனி அடித்த எல்லா டைரியிலும். மார்கழியில் பக்கத்துத் தெரு அச்சகத்தில் என்னைப்போலவே வேலை பார்க்கிற ஒரு அண்ணாச்சி போன் செய்தார். “உங்க டைரில ஒரு மிஸ்டேக் விழுந்துருக்கும்மா. சிங்கப்பூருக்கு நாலுன்னு போட்டுருக்கீக. நாங்க எல்லாரும் கரெக்டா ஏழு போட்டுருக்கோம்” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி என்று வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் அம்மாவுக்கு டைரி கொடுக்கவில்லை. அப்பா படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டாள். ஆர்டருக்கே பத்தவில்லை என்று சொன்னேன். சிவகாசியில் டைரிக்குப் பஞ்சம் என்று சொன்னால் நம்புகிறவள் இல்லை என் அம்மா. ஆனாலும் மூன்றாம் தடவை கேட்கவில்லை. தம்பியிடமும் நான் கேட்கவில்லை. போனில் கேட்டால் வைத்துவிடுவான். நேரில் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

திதிக் கணக்குப்படி மாசிக் கடைசியிலேயே அப்பாவுக்கு வருஷத் திதி வந்துவிட்டது. தம்பி வருவதாகச் சொன்னான். எந்த விமானம் என்று கேட்டேன். பத்தரை மணி விமானம் என்றான். அதே விமானம். பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றவனை, வேண்டாம், நானே கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். என் பாசத்தை மெச்சியிருப்பான்.

விடிந்ததும் கிளம்பினேன். கார் மதுரையைத் தாண்டும்போது ‘ஏறிட்டேன்’ என்று செய்தி வந்தது. மணி எட்டாக ஐந்து நிமிஷம். திருச்சி விமான நிலையத்தில் வெளியே ஒரு தூண் ஓரமாக நின்றேன். பன்னிரண்டேகாலுக்கு இறங்கியதாகப் பலகையில் எழுத்து வந்தது. அந்த மதுரைப் பெண் சொன்னது தப்பாகப் போய், விமானம் மூன்று மணிக்கு வந்திருக்கக் கூடாதா என்று அந்த நிமிஷம்கூட ஏங்கினேன். ஒரு மணிக்குத் தம்பி பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான். “அக்கா” என்று கையைப் பிடித்தான். நான் பிடிக்கவில்லை.

விருதுநகர் வரைக்கும் டிரைவர் இருக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லி, இவனை மட்டும் இறக்கி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

“எத்தனை மணிக்கு ஏறுனே?”

“எட்டு மணி இருக்கும்க்கா.”

“எத்தனை மணிக்கு எறங்குனே?”

டீயைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“டிக்கெட் இல்லையா அன்னைக்கு?”

“இருந்துச்சு.”

“பெறகு?”

“ஏர்போர்ட்டுக்குப் பஸ்ல போய்க்கிட்டுத்தான் இருந்தேன். நீதான்க்கா போன் போட்டு வர முடியாதுல்லன்னு கேட்டே. ஏழு மணி நேரம்னு நீதான் சொன்னே. நான் பொய் சொல்லலை. நீ சொன்னதுக்கு ஆமான்னுதான் சொன்னேன்.”

“ஏன்லே சொன்னே?”

அவன் கண் நிறைந்துவிட்டது. “அப்பா பக்கத்துல நெருப்பக் கொண்டு போகாதலே, போகாதலேன்னு சொல்லிச் சொல்லி வளத்தீக. அம்மா அடுப்ப அணைச்சுட்டு ஓடியாரது இப்பவும் கனவுல வருது. நான் எப்படிக்கா கொள்ளி வைக்க? பஸ்ல உக்காந்து அத நெனைச்சதுமே எறங்கித் திரும்பிரலாமான்னு இருந்துச்சு. அந்த நேரத்துல நீ அப்படிக் கேட்டதும்…”

சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு நொடி அவன் தோளைத் தொடப் போனேன். நானும் அதே வீட்டில் வளர்ந்தவள். வேன் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை தானாக அடுப்பின் குமிழைத் தேடும். ஆனால் அந்த நொடி போனதும் கோபம் இரட்டிப்பாக வந்தது. பயம் என்றால் பயம் என்று சொல்லியிருக்கலாம். வந்து நில், கொள்ளியைச் சித்தப்பா மகன் வைக்கட்டும் என்று சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு வேண்டியது கொள்ளி இல்லை, இவன் முகம். இவனோ என் மனப்பாடத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் என்னிடமே ஆறுதலும் வாங்கிக்கொண்டான்.

“அம்மாகிட்ட சொல்லிராதக்கா” என்றான்.

நான் காரில் ஏறினேன். வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி ஐந்து. “மணியப் பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் திதி முடிந்து, படையல் போட்டு, பத்துப் பேருக்கு இலை போட்டு, எல்லாரும் கிளம்பிய பிறகு தம்பி கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தான். அம்மா பரிமாறினாள். அப்பா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடாதவள், அன்றைக்கு அவன் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் கொஞ்சம் உயிர் பெற்றதுபோல் இருந்தாள். விட்டுவிடு என்று என் மனசில் ஒரு பாதி சொன்னது. பேசாமல் இருந்தால் அவனோடு சேர்ந்து நானும் அம்மாவை ஏமாற்றுகிறேன் என்று மறு பாதி சொன்னது. பையிலிருந்து புது டைரியை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் விரித்தேன்.

“எம்மா, போன வருசம் நான் காட்டுனது தப்பு. ஏழு இல்ல, நாலு. எனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். அன்னைக்கு லீவு இருந்துச்சு, டிக்கெட்டும் இருந்துச்சு. அஞ்சு மணிக்கு வந்திருப்பான். நேத்து வந்தானே, அதே மாதிரி.”

தம்பியின் கை இலையில் நின்றுவிட்டது. அம்மா டைரியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்த நாலைப் பார்த்தாள். அவன் பக்கம் திரும்புவாள், ஏதாவது சொல்வாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று நான் நினைத்தேன். அதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன் என்றும் ஒப்புக்கொள்கிறேன். அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

“இவன் தானா வரமாட்டான்னு எனக்குத் தெரியும். சின்னதுலருந்தே நெருப்புக்குப் பயந்த பய. இவன் சொல்லக் கேட்டு நான் கைய எடுக்கலை. உங்க சித்தப்பன் சொல்லியும் எடுக்கலை. ஊரே வந்து நின்னுருந்தாலும் இவன் வந்து எறங்குற வரைக்கும் உங்கப்பன் கால விட்டுருக்க மாட்டேன். நீ சொன்னியே தாயி. நீ தப்பாச் சொல்லமாட்டேன்னுதான் விட்டேன்.”

டைரியை மூடி என் கையில் கொடுத்தாள். அப்பா படத்துக்கு முன்னால் வைக்கவில்லை.

பிறகு குனிந்து தம்பியின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “சாப்பிடுலே” என்றாள். என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.